ஃப்ளைட் ஒன்னேகால் மணி நேரம், ரயில் பத்து மணி நேரம்: பெங்களூர்ல இருந்து மதுரைக்கு நான் ஏன் ரயில்ல போறேன், என் தம்பி ஏன் ஃப்ளைட்ல போறான்

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் ஆகுது. இந்த ஆறு மாசத்துல நான் பெங்களூர்ல இருந்து மதுரைக்கு பதினோரு தடவ போயிட்டு வந்திருக்கேன், ஃப்ளைட்ல மூணு, வந்தே பாரத்ல ரெண்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ்ல நாலு, பஸ்ல ரெண்டு. ஒவ்வொரு தடவையும் இங்க வீட்ட பூட்டுன நேரம், மதுரை பசுமலைல எங்க வீட்டு வாசப்படி மிதிச்ச நேரம், ஆன செலவு மூணையும் போன்ல குறிச்சு வச்சுக்கிட்டே வந்தேன். ஏன்னா எனக்கும் என் தம்பிக்கும் இதுல தீராத வாக்குவாதம். அவன் பெங்களூருக்கு வடக்க யெலஹங்கால இருக்கான், நான் தெற்க எலக்ட்ரானிக் சிட்டில. அவன் சொல்றது "ஃப்ளைட் இருக்கும்போது எதுக்குக்கா ராத்திரி பூரா ரயில்ல கெடக்குற", நான் சொல்றது "டேய் நீ ஏர்போர்ட் பக்கத்துல உக்காந்துகிட்டு பேசுற". ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்னு குறிப்பெல்லாம் சேர்த்துப் பாத்தப்பதான் புரிஞ்சது.

முதல்ல அந்த தூரக் கணக்கு. பெங்களூர் ஏர்போர்ட்டுக்கும் மதுரை ஏர்போர்ட்டுக்கும் எவ்வளவு தூரம்னு தேடுனா 375 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். இது வானத்துல நூல் புடிச்ச மாதிரி நேர்கோடு. இத நாமளே வீட்ல போட்டுப் பாக்கலாம், தேவனஹள்ளில இருக்கற பெங்களூர் ஏர்போர்ட் கிட்டத்தட்ட 13.2 டிகிரி வடக்கு, 77.7 கிழக்குல இருக்கு, மதுரை ஏர்போர்ட் 9.8 வடக்கு, 78.1 கிழக்கு. அதாவது ஏறக்குறைய நேர் தெற்கு, கொஞ்சூண்டு கிழக்க சாயுது அவ்வளவுதான். அட்சரேகை ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர்னு வச்சு பெருக்குனா அந்த 375 பக்கத்துல வந்து நிக்கும்.

சரி, ஜெட் விமானம் மேல போயிட்டா மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல போகும்ல, அப்ப அரை மணி நேரத்துல மதுரை வந்துரணுமே, டிக்கெட்ல மட்டும் ஏன் ஒன்னேகால் மணி நேரம், ஒன்னரை மணி நேரம்னு போடுறாங்கன்னு எனக்கு ரொம்ப நாள் கேள்வி. டிக்கெட்ல இருக்கறது பறக்குற நேரம் இல்ல, கேட்ட விட்டு பின்னாடி தள்ள ஆரம்பிக்கறதுல இருந்து அந்தப் பக்கம் போய் நிறுத்துற வரைக்கும் உள்ள நேரம். தேவனஹள்ளில 4000 மீட்டர்ல ரெண்டு ரன்வே இருக்கு, ரெண்டும் கிழக்கு மேற்கா இருக்கு, மதுரைல இருக்கற ஒரே ரன்வேயும் கிழக்கு மேற்குதான். நாம போக வேண்டியது தெற்க. அதனால காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதப் பாத்து கிழக்கயோ மேற்கயோ ஏறி, அப்புறம் திரும்பி, அங்க போயும் சுத்தி வந்து ரன்வேக்கு நேரா வரணும். ஏறவும் எறங்கவுமே பாதி நேரம் போயிரும், நடுவுல முழு வேகத்துல போறது கொஞ்ச நேரம்தான். இதுல இன்னொன்னு, சில நேரம் ஏடிஆர்னு ஃபேன் வச்ச சின்ன விமானம் விடுவாங்க, எழுபது சொச்சம் பேர் உக்கார்றது, அது மணிக்கு 500 கிலோமீட்டர்தான் போகும். ஆனா நெசமா சொல்றேன், இவ்வளவு சின்ன தூரத்துக்கு ஜெட்டுக்கும் அதுக்கும் கால் மணி நேரம் வித்தியாசம் வந்தா பெருசு, அதுக்காக கூட காசு குடுத்து ஜெட் எடுக்காதீங்க.

இப்ப எங்க ரெண்டு பேர் வீட்டுக்கு வருவோம், இங்கதான் விஷயமே இருக்கு.

ராத்திரி 7 மணி ஃப்ளைட்னு வச்சுக்கோங்க. உள்நாட்டு ஃப்ளைட்டுக்கு பேக் போடுற கவுண்டர் கிளம்ப 60 நிமிஷத்துக்கு முன்னாடி மூடுவாங்க, கேட்டும் கிளம்புறதுக்கு 25 நிமிஷம் முன்னாடி மூடிருவாங்க, அதனால 5.30க்கு ஏர்போர்ட்ல இருந்தா நிம்மதி. தம்பிக்கு யெலஹங்கால இருந்து ஏர்போர்ட் இருவது கிலோமீட்டருக்குள்ள, 4.45க்கு குளிச்சிட்டு கிளம்புவான், அரை மணி நேரம், மிஞ்சிப்போனா முக்கால். மதுரைல 8.20க்கு எறங்குறான், மதுரை ஏர்போர்ட் இருக்கற பெருங்குடில இருந்து பசுமலைக்கு ஆட்டோ புடிச்சா இருவது இருவத்தஞ்சு நிமிஷம், 9.10க்கு அம்மா கூட உக்காந்து தோசை சாப்புடுறான். நாலரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சது. இத எந்த ரயிலும் பஸ்ஸும் அடிக்க முடியாது, அவனுக்கு ஃப்ளைட்தான்.

அதே ஃப்ளைட்டுக்கு நான் கிளம்புனா? எலக்ட்ரானிக் சிட்டில இருந்து தேவனஹள்ளி அம்பது கிலோமீட்டருக்கு மேல, அதுவும் வடக்க. மதுரை இருக்கறது தெற்க. என் வீட்டு மொட்டை மாடில நின்னா ஓசூர் ரோடு தெரியும், அந்த ரோட்டுலயே நேரா போனா கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை. அத விட்டுட்டு ஊருக்கு முதுகக் காட்டிக்கிட்டு சில்க் போர்டு, அவுட்டர் ரிங் ரோடு, ஹெப்பால்னு ஊர்ந்து போய், அங்க இருந்து விமானம் ஏறி, நான் கிளம்புன எடத்துக்கு மேலயோ பக்கத்துலயோ பறந்துதான் மறுபடி தெற்க வரணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த ரோட்டுக்கு ரெண்டு மணி நேரம் போதும்னு நம்பி ஒரு தடவ கிளம்புனேன், ஹெப்பால் ஃப்ளைஓவர் கிட்ட மழை, வண்டி நகரவே இல்ல, போய்ச் சேர்ந்தப்ப கவுண்டர் மூடி பத்து நிமிஷம் ஆயிருந்தது. பேக்குல அம்மாவுக்கு வாங்குன நீகேப் இருந்துச்சு. அந்த தடவ போகவே முடியல, அதனால பதினொன்னுல அது சேராது. அதுக்கப்புறம் நான் மூணு மணி நேரம் ஒதுக்கறேன், 7 மணி ஃப்ளைட்டுக்கு 2.30க்கே வீட்ட விட்டு கிளம்புறேன், அரை நாள் லீவு போச்சு, வீட்டுக்குப் போக 9.10. ஆறு மணி நாப்பது நிமிஷம். இதுல உருப்படியா தூங்குனதும் கெடையாது, வேலை பாத்ததும் கெடையாது.

செலவும் சொல்லிடறேன். டிக்கெட் ரெண்டு வாரம் முன்னாடி எடுத்தா எனக்கு மூவாயிரம், மூவாயிரத்து ஐநூறுன்னு கெடச்சது, பொங்கல் தீபாவளி வாரத்துல அந்த விலைக்கு நெனச்சே பாக்க முடியாது. அது மேல கேப் 1500. கேப் வேண்டாம்னா எலக்ட்ரானிக் சிட்டில இருந்தே ஏர்போர்ட் போற வாயு வஜ்ரா கேஐஏ 8 பஸ் இருக்கு, ஏசி, நல்ல பஸ், பெட்டி வைக்க எடம் இருக்கு, நான் இப்ப அதுலதான் போறது, ஆனா ட்ராஃபிக் அதுக்கும் ஒன்னுதான.

காலைல 6 மணி ஃப்ளைட் எடுத்தா ரோடு காலியா இருக்குமேன்னு கேப்பாங்க. இருக்கும், ஒன்னேகால் மணி நேரத்துல போயிரலாம். ஆனா ரெண்டு மணிக்கு எந்திரிக்கணும், அந்த நேரத்துல ஒரு பொண்ணு தனியா கேப்ல போறதுன்னா வீட்ல யாராவது லைவ் லொக்கேஷன் பாத்துக்கிட்டு முழிச்சிருக்கணும். அது போக டிசம்பர் ஜனவரில தேவனஹள்ளி பக்கம் விடிகாலைல பனிமூட்டம் எறங்கும், அந்த மாசத்துல முதல் ஃப்ளைட் எடுத்தா தாமதம் ஆகும்னு மனச தயார் பண்ணிக்கிட்டே எடுங்க.

பழைய ஹெச்ஏஎல் ஏர்போர்ட் இருந்த காலத்துல வேலைக்கு வந்தவங்க சொல்லுவாங்க, அப்ப ஊருக்குள்ளயே விமானம் ஏறலாம். 2008 மே மாசம் தேவனஹள்ளி திறந்தப்ப அத சாதாரண விமானங்களுக்கு மூடிட்டாங்க. ஓசூர்ல ஒரு ஏர்போர்ட் வரும்னு 2024ல தமிழ்நாடு முதல்வர் சட்டசபைல அறிவிச்சாரு, அது வந்தா எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இந்தக் கணக்கு மொத்தமா தலைகீழா மாறிடும். ஆனா தேவனஹள்ளி ஒப்பந்தத்துல 150 கிலோமீட்டர் சுத்துக்குள்ள 2033 வரைக்கும் புது ஏர்போர்ட் வரக்கூடாதுன்னு இருக்கு, அதனால இப்ப அத நம்பி எதையும் முடிவு பண்ண முடியாது. ஏர்போர்ட் மெட்ரோ வேலை நடந்துக்கிட்டு இருக்கு, சில்க் போர்டுல இருந்து கே.ஆர். புரம், ஹெப்பால் வழியா. அது ஓட ஆரம்பிச்ச அன்னைக்கு நான் மறுபடி குறிப்பு எடுக்க ஆரம்பிப்பேன்.

அடுத்தது வந்தே பாரத். 2024 ஆகஸ்ட் 31 அன்னைக்கு ஆரம்பிச்சது, பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன்ல மதியம் 1.30க்கு கிளம்பி கே.ஆர். புரம், சேலம், நாமக்கல், கரூர், திருச்சி, திண்டுக்கல் நின்னு மதுரைக்கு ராத்திரி 9.45ன்னு டைம் போட்டு விட்டாங்க, செவ்வாய்க்கிழமை கிடையாது. ரயில் ரொம்ப நல்லா இருக்கு, சுத்தமா இருக்கு, சாப்பாடும் குடுக்கறாங்க, எனக்கு குறை ஒன்னும் இல்ல. ஆனா கரூர்ல இருந்து திண்டுக்கல்லுக்கு நேர் லைன் இருக்கும்போது இது திருச்சி சுத்திப் போகுது, அதுலயே கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் கூடுது. திருச்சிக்காரங்களுக்கும் ரயில் வேணும்ல, அது நியாயம்தான், நம்ம கணக்குல எட்டேகால் மணி நேரம்னு வருது. இதோட நான் கன்டோன்மென்ட் போய்ச் சேர ஒன்னரை மணி நேரம், ஸ்டேஷன்ல காத்திருக்கறது, மதுரைல எறங்கி வீட்டுக்குப் போறது எல்லாம் சேத்து மொத்தம் பதினோரு மணி நேரம், அதுவும் பகல் பூரா. எனக்கு ஒரு நாள் லீவு முழுசா போகும். ஜன்னல் பக்கம் உக்காந்து வேலை பாக்கலாம்னு லேப்டாப் எடுத்துட்டுப் போனேன், மொரப்பூர் தாண்டுனா நெட் வந்து வந்து போகுது, மீட்டிங் எல்லாம் வைக்க முடியாது. ஆனா ஒன்னு, வயசானவங்க, கொழந்தைங்களோட போறவங்க, ராத்திரி பெர்த்துல ஏறி எறங்க முடியாதவங்களுக்கு இது அருமையான வண்டி. ஒயிட்ஃபீல்டு, மகாதேவபுரா பக்கம் இருக்கறவங்களுக்கு கே.ஆர். புரம் மெட்ரோல எறங்குனா ஸ்டேஷன் பக்கத்துலயே, அவங்க இதத்தான் முதல்ல பாக்கணும்.

தூத்துக்குடி எக்ஸ்பிரஸ்தான் என் வண்டி. மைசூர்ல இருந்து வருது, மெஜஸ்டிக்ல இருக்கற பெங்களூர் சிட்டி ஸ்டேஷன்ல ராத்திரி 9 மணி வாக்குல கிளம்பி ஓசூர், தர்மபுரி, சேலம் வழியா காலைல 7 மணி சுமாருக்கு மதுரை. இதுல எனக்கு அமைஞ்ச பெரிய வசதி என்னன்னா இது ஓசூர்ல நிக்கும். மூணு தடவ மெஜஸ்டிக் போய் ஏறிட்டு அப்புறம்தான் என் மரமண்டைக்கு உறைச்சது, எனக்கு ஓசூர் ஸ்டேஷன் இருவது கிலோமீட்டர்தான, அதுவும் ஊருக்குப் போற திசைலயே. இப்ப ஆபீஸ் முடிச்சு, வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு சாப்ட்டு, 8.45க்கு கிளம்புனா அத்திப்பள்ளி தாண்டி நிதானமா போய் பிளாட்ஃபாரத்துல உக்காந்திருப்பேன். போர்டிங் ஸ்டேஷன ஓசூர்னு மாத்தி வைக்கணும், அத மறந்துறாதீங்க. மெஜஸ்டிக்லயே ஏறணும்னாலும் இப்ப கஷ்டம் இல்ல, 2025 ஆகஸ்ட்ல ஆர்.வி. ரோடு பொம்மசந்திரா மெட்ரோ வந்ததுல இருந்து எலக்ட்ரானிக் சிட்டில ஏறி ஆர்.வி. ரோட்டுல பச்சை லைன் மாறுனா நேரா மெஜஸ்டிக்.

கடிகாரத்தப் பாத்தா வீட்டுக்கு வீடு பதினோரு மணி நேரம், வந்தே பாரத் அளவேதான். ஆனா அந்த பதினோரு மணி நேரத்துல ஏழு மணி நேரம் நான் தூங்கிட்டு இருக்கேன், லீவு ஒரு நிமிஷம் கூட போகல, காலைல எட்டு மணிக்கு அம்மாவுக்கு ஃபிசியோ பண்ண வர்ற பொண்ணு பெல் அடிக்கறதுக்குள்ள நான் குளிச்சு முடிச்சிருப்பேன். ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான், சாயங்காலம் வரைக்கும் அம்மா கூட இருந்துட்டு ராத்திரி வண்டி புடிச்சா விடியுறதுக்கு முன்னாடி ஓசூர், திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு ஆபீஸ். வெள்ளி ராத்திரி ஃப்ளைட்ல போயிட்டு ஞாயிறு சாயங்கால ஃப்ளைட்ல திரும்புனா ஞாயித்துக்கிழமை மூணு மணில இருந்தே "நேரமாச்சு நேரமாச்சு"ன்னு மனசு கிளம்பிரும், அம்மா மொகம் வாடிரும். சனிக்கிழமை காலைல இருந்து ஞாயிறு ராத்திரி வரைக்கும் எத்தன மணி நேரம் அவங்க பக்கத்துல இருந்தேன்னு எண்ணுனா, எனக்கு ரயில்தான் கூட வருது.

லக்கேஜையும் இங்க சேத்துக்கணும். ஃப்ளைட்ல கைல 7 கிலோ, கீழ போட 15 கிலோ. அம்மா திரும்பி வரும்போது குடுத்து விடுறது என்னன்னு உங்களுக்கும் தெரியும், மாவடு, வத்தல், இட்லி பொடி, ரெண்டு தேங்காய். ஊறுகாயும் தேங்காயும் கைப்பைல வச்சா செக்யூரிட்டில எடுத்துருவாங்க, கொப்பரை எதுலயுமே போக விடமாட்டாங்க. அம்மா காலு வலியோட அடுப்படில நின்னு போட்ட ஊறுகாய் பாட்டில அந்த ட்ரேல விட்டுட்டு வர எனக்கு மனசு வராது. ரயில்ல சீட்டுக்கு அடில தள்ளி விட்டா முடிஞ்சது.

குறையும் இருக்கு. டிக்கெட் கெடைக்கணும். 2024 நவம்பர்ல இருந்து 60 நாள் முன்னாடிதான் புக்கிங் திறக்குது, வெள்ளிக்கிழமை டிக்கெட் வேணும்னா புக்கிங் திறக்குற அன்னைக்கே காலைல எட்டு மணிக்கு உக்காந்தாதான். தட்கல் ஏசிக்கு பத்து மணி, ஸ்லீப்பருக்கு பதினோரு மணி, ஆதார் சேத்து வச்ச கணக்கு இருக்கணும். நான் ரெண்டு மாசத்துக்கு ஒன்னு விட்ட ஒரு வெள்ளினு மொத்தமா போட்டு வச்சிடறேன், தேவையில்லன்னா கேன்சல். மூணடுக்கு ஏசி ஆயிரம் ரூவாக்குள்ளதான் வருது, கேன்சல் பண்ணி கொஞ்சம் போனாலும் தாங்கலாம்.

பஸ்ஸ பத்தி ஆசையா சொல்ல என்கிட்ட ஒன்னும் இல்ல. ஸ்லீப்பர் பஸ் மடிவாளா, சில்க் போர்டுல கிளம்பி எங்க எலக்ட்ரானிக் சிட்டி டோல்கேட்லயே ஏத்திக்குவாங்க, அங்க இருந்து 420 கிலோமீட்டர் சுமாருக்கு, எட்டு மணி நேரத்துல மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட். வாசல்ல இருந்து வாசலுக்கு ராத்திரி நேரத்துல இதுதான் சீக்கிரம், உண்மை. ஆனா தொப்பூர் கணவாய் எறக்கத்துல லாரிகளுக்கு நடுவுல வண்டி வளையும்போது மேல் பெர்த்துல படுத்துக்கிட்டு எனக்கு தூக்கம் வந்ததில்ல, விடிகாலை நாலரைக்கே கொண்டு போய் எறக்கி விட்டா வெளிச்சம் வர்ற வரைக்கும் பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருக்கணும். ஒரு தடவ ஒரு தனியார் பஸ்ல பாத்ரூமுக்கு எங்கயும் நிறுத்தவே இல்ல, கேட்டதுக்கு பதிலும் இல்ல.

ஆனாலும் பஸ்ஸ நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன், அதுக்குக் காரணம் நவம்பர் மாச ஒரு ராத்திரி. மணி 9.20, பக்கத்து வீட்டு அத்தை போன் பண்றாங்க, "அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறோம், நீ பதறாத". நானும் தம்பியும் ரெண்டு போன்ல தேடுறோம். மதுரைக்கு ஃப்ளைட் ராத்திரில இல்ல, மறுநாள் காலைலதான். ரயில் போயிருச்சு. தம்பி காலை ஃப்ளைட் போட்டான், நான் 10.30க்கு டோல்கேட்ல நின்னு வந்த பஸ்ல ஏறுனேன், சீட் கூட இல்ல, கண்டக்டர் பக்கத்து சீட்டு. ஆறே முக்காலுக்கு நான் ஆஸ்பத்திரி வார்டுல அம்மா கையப் புடிச்சப்ப தம்பி தேவனஹள்ளில செக்யூரிட்டி வரிசைல நின்னுக்கிட்டு இருந்தான். எலும்புக்கு ஒன்னும் ஆகல, தையல் மட்டும் நாலு. அந்த மாதிரி நேரத்துல எது வேகமான வண்டிங்கறது கேள்வியே இல்ல, எது இப்ப கிளம்புதுங்கறதுதான். பகல்ல இப்படி ஆச்சுன்னா மதுரை ஃப்ளைட் மட்டும் தேடாம திருச்சியும் பாருங்க, அங்க இருந்து மதுரை ரோடு வழி ரெண்டரை மணி நேரம்தான்.

இன்னொரு கணக்கும் போட வேண்டியிருந்தது, அம்மாவ இங்க கூட்டிட்டு வர்றது. டாக்டர் ஆறு மாசம் கழிச்சு பயணம் போகலாம்னு சொல்லிட்டாரு, ஆனா ரொம்ப நேரம் கால மடக்கி உக்கார வேண்டாம், நடுநடுவுல எந்திரிச்சு நடக்கணும்னாரு. ஸ்லீப்பர் பஸ் ஏணில அவங்கள ஏத்தவே முடியாது. ராத்திரி ரயில்ல லோயர் பெர்த் கெடச்சாலும் பெட்டி வாசப்படி உயரம், நடு ராத்திரி ஆடுற வண்டில பாத்ரூம் போகணும். வந்தே பாரத்ல பெர்த் தொல்லை இல்ல, அது காலைல 5.15க்கு மதுரைல எடுத்து மதியம் 1 மணிக்கு இங்க வரும், ஆனா எட்டு மணி நேரம் உக்காரணும். ஃப்ளைட்டுக்கு டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டு வச்சா வாசல்ல இருந்து சீட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்க, அதுக்கு தனியா காசு இல்ல, உக்கார்ற நேரம் ஒன்னரை மணிதான். அதனால அம்மாவுக்கு ஃப்ளைட், இதுல தம்பி சொன்னதுதான் சரி, அவன்கிட்டயே சொல்லிட்டேன். ஆனா தேவனஹள்ளில எறங்குனதும் என் வீட்டுக்கு அம்பது கிலோமீட்டர் கேப்ல கால மடக்கி உக்கார வைக்கக் கூடாது. முதல் ரெண்டு நாள் யெலஹங்கால தம்பி வீடு, அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ரோடு காலியா இருக்கும்போது நடுவுல ஒரு எடத்துல நிறுத்தி காபி வாங்கிக் குடுத்து, மெதுவா எங்க வீடு.

வர்ற வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு டிக்கெட்டும் போட்டாச்சு. அவன் 7 மணி ஃப்ளைட், எனக்கு ஓசூர்ல இருந்து லோயர் பெர்த். ராத்திரி மாத்திரைய அவன் குடுத்துருவான், காலை காபிக்கு நான் போயிருவேன். அம்மாகிட்ட போன்ல சொன்னதுக்கு "ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருந்து தனித்தனியா வர்றீங்களே, சண்டையா?"ன்னு கேட்டாங்க. இல்லம்மா, வந்து சொல்றேன்னேன்.